பேசின் பிரிட்ஜில் இறங்குகிறவரோடு ஃப்ளாரன்ஸுக்கு

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ரயிலில் ஏறினாலும் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகமாட்டார். அம்பத்தூரில் லோக்கல் ஏறி சென்ட்ரலுக்குப் போவதென்றால், ஒரு ஸ்டேஷன் முன்னாடி பேசின் பிரிட்ஜிலேயே இறங்கிவிடுவார். "உள்ள வுடாம சிக்னல்ல போட்டு வறுத்துடுவான். இங்கயே எறங்கிக்கினா நடந்தே பூடலாம்" என்பார். நடந்து போய் நாங்கள் சேர்வதற்குள் அதே ரயில் சென்ட்ரலுக்குள் போய், ஆட்களை இறக்கி, திரும்பி ஆவடிக்குக் கிளம்பியிருக்கும். அதைச் சொன்னால் கோபம் வரும். இந்த வியாதி விசா கேட்காமல் வெளிநாட்டுக்கும் கூடவே வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அவர் பெயர் தணிகைவேல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். துணிக்கு நீராவி கொடுத்துச் சுருக்கம் எடுக்கிற பெரிய மெஷின் ஒன்றை அவர்கள் இத்தாலியில் வாங்கினார்கள். அதை ஓட்டவும் கழற்றி மாட்டவும் கற்றுக்கொண்டு வா என்று இவரை ஒரு வாரத்துக்கு பிராத்தோ என்ற ஊருக்கு அனுப்பினார்கள். "அது எங்க கீதுன்னா, ஃப்ளாரன்ஸ் பக்கத்துல" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பிரேமா, முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ். ஃப்ளாரன்ஸ் என்ற பெயரைக் கேட்டுவிட்டு ஒரு டிராயிங் மிஸ் வீட்டில் உட்கார்ந்து சாம்பார் வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

அவருடைய டிரெயினிங் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். நடுவில் சனிக்கிழமை முழுசாக எங்களுடையது. படம் எனக்கு, சாப்பாடு அவருக்கு என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம்.

அவர் கேட்ட சாப்பாடு ஒன்றே ஒன்றுதான். ஃப்ளாரன்ஸில் மாட்டு வயிற்றை வேகவைத்து பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள், லாம்ப்ரெதோத்தோ என்று பெயர். நம் ஊர்ப் போட்டிதான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் போட்டி வறுவல் இல்லாமல் விடியாது, ஆடோ மாடோ பேதமில்லை. இவர் யூட்யூபில் ஒரு கடையை அடையாளம் கண்டு வைத்திருந்தார். பழைய சந்தை மண்டபம் ஒன்று, அதன் ஓரத்தில் வெண்கலத்தில் ஒரு பன்றி. ஊருக்கு வருகிறவர்களெல்லாம் தடவித் தடவி அதன் மூக்கு மட்டும் பளபளவென்று இருக்கும். அதற்குப் பக்கத்தில்தான் கடை. அந்த வீடியோவை எனக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டினாரோ, கனவில்கூட அந்தப் பன்றி வந்தது. எனக்கிருந்த சந்தேகம் ஒன்றுதான், அதைக் கழுவியது யார்? மஞ்சள் போட்டு, சுடுதண்ணி ஊற்றி, சுண்ணாம்பு தேய்த்து, ஒரு மணி நேரம் குனிந்து கழுவுகிறவள் நான். இன்னொருத்தர் கழுவிய போட்டியை நம்பி வாயில் வைத்ததில்லை.

நான் கேட்டதும் ஒன்றுதான். ஒரு சுவர் ஓவியம். பல வருஷம் முன்னாடி பூந்தமல்லியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் கொடுத்த காலண்டரில் டிசம்பர் மாதத்துக்கு அந்தப் படம் இருந்தது. வளைவு வளைவாக ஒரு தாழ்வாரம், அதில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், எதிரே முழங்காலை மடக்கி அவளுக்கு நல்ல சேதி சொல்ல வந்திருக்கிற தேவதூதன். அறுநூறு வருஷம் முன்னால் ஒரு துறவி தன் மடத்துச் சுவரில் வரைந்தது. அந்தத் தூண்களையும் வளைவுகளையும் காட்டித்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பர்ஸ்பெக்டிவ் சொல்லித்தருகிறேன். சிக்கல் என்னவென்றால், காலண்டர் அச்சில் கலர் நகர்ந்துபோய் தேவதூதனின் இறக்கை மட்டும் சேறு மாதிரி விழுந்திருக்கும். இன்டர்நெட்டில் பார்த்தால் ஒவ்வொரு போட்டோவிலும் ஒவ்வொரு கலர். வருஷா வருஷம் பிள்ளைகள் கேட்கும், "மிஸ், றெக்கை என்ன கலர் மிஸ்?" நான் வருஷா வருஷம், "உனக்குப் பிடிச்சதைப் போடு" என்று சமாளிப்பேன். இந்த வருஷம் யாழினி என்ற பெண் அதற்குப் பிடித்ததைப் போட்டது. ஜிகினா. கோந்து தடவி இறக்கை பூராவும் கொட்டி வைத்திருந்தது. "இது டிராயிங்கா, பர்த்டே கார்டா?" என்று கத்தி, புதுப் பேப்பர் கொடுத்துத் திரும்ப வரையச் சொன்னேன். என் வகுப்பில் ஜிகினாவுக்கு இடம் கிடையாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆக, இறக்கையின் நிஜக் கலரைக் கண்ணால் பார்க்காமல் திரும்பினால் எனக்குத் தூக்கம் வராது. அந்த மடம் இப்போது மியூசியம். ரெண்டு மணிக்குள் மூடிவிடுவார்கள், ஒன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் அவருடைய போனில் இருந்தது. வெளிநாட்டு ரோமிங் பேக் போட்டதும் அவருடைய போனுக்கு மட்டும்தான். "ரெண்டு பேரும் ஒண்ணாதானே சுத்தப்போறோம், உனுக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்டதும் அவர்தான். என் போனை ஹோட்டலிலேயே விட்டுவிட்டேன்.

காலையில் எட்டு மணிக்கே நான் பொட்டு வைத்துக் கிளம்பி நின்றேன். அவர் சட்டை பட்டனைக்கூடப் போடவில்லை.

"சனிக்கெழம ஒம்பதுலேர்ந்து பத்தர வரைக்கும் ராகுகாலம். அது போவட்டும்."

"நம்ம ஊர் ராகுகாலம் இந்நேரம் முடிஞ்சிருக்கும்ங்க. அங்க மதியம் ஆகப்போகுது."

"ராகுக்கு இன்னா பாஸ்போர்ட்டா வேணும்? எந்த ஊர்ல கீறியோ அந்த ஊர் மணிதான் கணக்கு."

ராகுவை வழியனுப்பும் வரை ஹோட்டல் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். இத்தாலிக்காரர்களுக்குக் காலையிலேயே இனிப்பு வேண்டும். பன்னுக்குள் ஜாம், பன்னுக்கு மேலே சர்க்கரை, பக்கத்தில் கேக். இவருக்கு சுகர். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உப்பு பிஸ்கெட் ரெண்டு தேடிப் பிடித்துச் சாப்பிட்டார். காபி, மருந்து அளக்கிற மூடி அளவுக்கு வந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சாம்பிள் நல்லாதான் கீது, காபிய எப்ப தருவான்?" என்றார். வழியில் பசித்தால் இருக்கட்டும் என்று எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டேன். அறையில் இருந்த குட்டி ரைஸ் குக்கர் எங்கள் மூன்றாவது பயணி.

பிராத்தோவிலிருந்து ஃப்ளாரன்ஸ், ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகிற தூரம்கூட இருக்காது. லோக்கல் ரயில்தான். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு சுத்தம். முறுக்கு இல்லை, சமோசா இல்லை, பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறவர்கள் இல்லை. ஒரு கிழவர் மடியில் குட்டி நாயோடு உட்கார்ந்திருந்தார். நாய் எங்களைப் பார்த்தது, நாங்கள் நாயைப் பார்த்தோம். வெளியே மஞ்சள் வீடுகளும் பச்சை ஜன்னல்களும் ஓட ஓட எனக்கு உள்ளே குதியாட்டம்தான். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் ஆள் சீட்டில் உட்காரவில்லை. பழக்கம். கதவுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

ஃப்ளாரன்ஸை அவர்கள் ஃபிரென்ஸே என்கிறார்கள். ஒரு ஸ்டேஷன் வந்தது. பலகையில் ஃபிரென்ஸே என்று போட்டு, பக்கத்தில் ரிஃப்ரெதி என்று இன்னொரு வார்த்தை. நான் எழுந்து மேலே இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பிரேமா! எறங்கு எறங்கு! பேசின் பிரிட்ஜ் வந்துடுச்சி!"

குதித்துவிட்டார். நம் ஊர் லோக்கலில் கதவு என்பது காற்று வருவதற்காக வைத்தது. அங்கே அப்படி இல்லை. உஸ் என்று ஒரு சத்தம், கதவு மூடிக்கொண்டது. நான் உள்ளே பையோடு, அவர் வெளியே போனோடு. கண்ணாடியைத் தட்டினேன். அவரும் தட்டினார். ரயில் நகர்ந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்று நான் போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது.

கிழவர் எழுந்து வந்து என்னைக் கையமர்த்தி உட்கார வைத்தார். அரைகுறை இங்கிலீஷில், அடுத்த ஸ்டேஷன்தான் கடைசி, பயப்படாதே என்றார். தன் போனை எடுத்து நீட்டினார். நல்ல மனுஷன். என் வீட்டுக்காரர் நம்பர் எனக்கு மனப்பாடம், ரீசார்ஜ் பண்ணுகிறது நான்தானே. போட்டேன். மணி அடித்தது, கட் பண்ணினார். மறுபடி போட்டேன். மறுபடி கட்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வருஷ ஆரம்பத்தில் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ கூப்பிட, இவர் ஓடிபியைப் பாதி சொல்லிவிட்டார். மீதியைச் சொல்வதற்குள் நான் போனைப் பிடுங்கினேன். அன்றைக்கு நான் போட்ட உத்தரவு: தெரியாத நம்பரை எடுக்கக்கூடாது, அதிலும் வெளிநாட்டு நம்பர் என்றால் உயிரே போனாலும் எடுக்கக்கூடாது. வேறு எதில் என் பேச்சைக் கேட்கிறாரோ இல்லையோ, இதில் அப்படியே கேட்டார். என் வாய்தான் எனக்கு எமன்.

சரி, மெசேஜ் அனுப்பலாம் என்று இங்கிலீஷில் தட்டினேன். நான் உங்கள் மனைவி, ரயிலில் மாட்டிக்கொண்டேன், என்னிடம் போன் இல்லை, அவசரம், உடனே இந்த நம்பரைக் கூப்பிடவும். அனுப்பிவிட்டுப் படித்துப் பார்த்தால் எந்த மோசடிக்காரனும் இதைவிட நன்றாக எழுத மாட்டான். அதற்கப்புறம் மணியே அடிக்கவில்லை. கிழவரின் நம்பரை என் புருஷன் பிளாக் பண்ணிவிட்டார்.

பெரிய ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே நின்றேன். அடுத்த ரயிலில் வருவார் என்று பார்த்தேன். வந்தது, அவர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் அந்தப் பக்கம் போனார். கூப்பிட்டு என்ன சொல்வது? என் புருஷன் பேசின் பிரிட்ஜில் இறங்கிட்டார் என்றா?

வெளியே வந்தேன். கையில் ஹோட்டலில் கொடுத்த பேப்பர் மேப் இருந்தது. மியூசியத்துக்கு ஒரு வட்டமும், போட்டிக் கடைக்கு ஒரு பன்றியும் நேற்றே வரைந்து வைத்திருந்தேன். கல் பாவிய சந்தில் நடந்து திரும்பியதும், நிஜமாகச் சொல்கிறேன், புருஷன் தொலைந்ததையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். பெரிய கோவில் ஒன்று வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பச்சை, வெள்ளை, ரோஸ் மூன்று கலர் பளிங்கு, மேலே செங்கல் நிறத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி கோபுரம். பூந்தமல்லி ஹைரோட்டில் புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபங்களெல்லாம் இந்த மூன்று கலரைத்தான் சேர்க்கப் பார்த்துத் தோற்றுப்போகின்றன. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் இடித்து, "ஐயோ, பாரேன்!" என்று சொல்ல ஆளில்லை. அழுகை வந்துவிட்டது.

அந்தக் கோவிலிலிருந்துதான் வழி பிரிகிறது. இடது பக்கம் போனால் என் ஓவியம். வலது பக்கம் போனால் அவருடைய பன்றி. கையில் யூரோ இருந்தது. வாசலிலேயே டிக்கெட் வாங்கி நான் பாட்டுக்கு உள்ளே போயிருக்கலாம். வயதான ஆம்பளை, ஒரு ஊரில் தொலைந்துவிடவா போகிறார் என்று மனசு சொன்னது. ஆனால் மாத்திரை போட்டிருக்கிறார். வயிற்றில் ரெண்டு பிஸ்கெட்தான். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். சாப்பாட்டுப் பை என் தோளில். பசித்தால் எங்கே போவார்? அந்தக் கடையைத் தவிர இந்த ஊரில் அவருக்கு ஒரு இடமும் தெரியாது. மணி பன்னிரண்டரை. இறக்கையை ஒரு தடவை நினைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பினேன்.

பன்றி இருந்தது. மூக்கு பளபளவென்று இருந்தது. கடை இருந்தது. அவர் இல்லை.

கடை என்றால் தள்ளுவண்டிதான். நம் கையேந்தி பவன் மாதிரி ஆளுக்கொரு தாளில் பன்னை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறார்கள். கோட்டு சூட்டுப் போட்டவரும், ரோடு போடுகிறவரும் ஒரே பலகையில் முழங்கையை ஊன்றியிருந்தார்கள். உள்ளே ஒரு அக்கா, சிவப்புத் தலைமுடி, கையில் நீளமான முள்கரண்டி. கொதிக்கிற அண்டாவிலிருந்து போட்டியை எடுத்து, பலகையில் போட்டு டக்கு டக்கு என்று நறுக்கினார். பன்னின் மேல்பாதியை அந்தக் குழம்பிலேயே ஒரு முக்கு. பச்சையாக ஒரு சட்னி, சிவப்பாக ஒரு மிளகாய் எண்ணெய். எதற்கும் ஒன்று வாங்கினேன், நிற்க ஒரு காரணம் வேண்டுமே.

ஒரு கடி கடித்தேன். கழுவியது யாரோ, அந்தக் கைக்கு வளையல் போடலாம்! பஞ்சு மாதிரி வெந்திருந்தது. துளி வாடை இல்லை. அந்தப் பச்சைச் சட்னி, கொத்தமல்லிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அழுதுகொண்டே முழுசையும் தின்றேன்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "காரம் அதிகமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். வரிசையில் நின்றவர்களுக்கு அவர் அதை இத்தாலியனில் திருப்பிச் சொல்ல, எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். கோட்டு சூட்டு ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். "இவர் மாமனாரும் அப்படித்தானாம், எப்போதும் ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்குவாராம்" என்றார் அக்கா.

அக்காவின் போனிலிருந்து கூப்பிட்டேன். கட். எதிர்பார்த்ததுதான். அடுத்து மெசேஜ் அனுப்பினால் இந்த நம்பரையும் பிளாக் பண்ணிவிடுவார். எழுத்தில் யார் வேண்டுமானாலும் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். நான்தான் என்று அந்த மனுஷனுக்கு எப்படி நிரூபிப்பது?

பன் சுற்றிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. டிராயிங் மிஸ் பையில் பேனா இல்லாமல் இருக்காது. எண்ணெய் படாத பக்கமாகத் திருப்பி வரைந்தேன். ரயில். ஜன்னலில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு பொம்பளை. வெளியே ஒரு ஆள், முன்மண்டை வழுக்கை, பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை, ஒரு கால் பிளாட்பாரத்தில், ஒரு கால் அந்தரத்தில். பலகையில் தமிழில் பேசின் பிரிட்ஜ் என்று எழுதினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முள்கரண்டி அண்டாவுக்குள் விழுந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்.

ரெண்டு நீல டிக் விழுந்தது. அடுத்த நொடி போன் அடித்தது.

"ஏய், பிரேமா! நீயாமே? என் தொப்பை அவ்ளோ பெருசாவா கீது?"

"யோவ், எங்கய்யா இருக்க?"

"தோ, உன் மியூசியம் வாசல்லதான் நிக்கிறேன். பஸ்ஸ புட்ச்சி நேரா இங்க வந்துட்டேன். நீ எங்க போனாலும் படத்தாண்டதான் வருவேன்னு தெரியும்ல."

"நான் உன் பன்னிகிட்ட நிக்கிறேன்யா! நீ சாப்பாட்டுக்குத்தான் போவேன்னு!"

"எனக்கோசரம் படத்த வுட்டுட்டு அங்க பூட்டியா?" என்றார்.

"சாப்டியா?"

"இல்ல."

"பக்கத்துல ஏதாவது வாங்கி வாய்ல போடேன்யா!"

"நான் அந்தாண்ட போற நேரத்துக்கு நீ வந்துட்டீன்னா? அதான் எடத்த வுட்டு நவுரல. டிக்கெட்டு எங்கிட்டதானே கீது."

குரலில் லேசான குழறல். சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டது. "அங்கேயே நில்லு, நவுராதே" என்று வைத்துவிட்டேன். அக்கா சொல்லாமலே இன்னொரு பன்னைக் கட்டி, மிளகாய் எண்ணெயைத் தாராளமாக விட்டு என் கையில் திணித்தார். தாளை மடித்துப் பையில் வைக்கப் போனேன். அக்கா கூடாது என்று தலையாட்டினார், "இது எனக்கு." வண்டிக்குள் ஒரு கிளிப்பில் மாட்டிக்கொண்டார். என் படம் ஃப்ளாரன்ஸில் தொங்குகிறது, யாரும் லேசாக நினைத்துவிடாதீர்கள்.

ஓடினேன். சுடிதாரில், தோளில் எலுமிச்சை சாதம், கையில் போட்டி. சிலைகளைப் பார்க்கவில்லை, கோவிலைப் பார்க்கவில்லை. ஓடுகிற பொம்பளைக்கு ஊரே வழிவிட்டது.

மியூசியம் வாசல் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், எழ முடியாமல் சுவரைப் பிடித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நீட்டிய போன் நடுங்கியது. "போ, போ, மூடப்போறான். நீ போயிட்டு வா, நான் இங்க சாப்புடுறேன்" என்றார்.

கதவில் நின்ற பெரியவர் கடிகாரத்தைக் காட்டினார். கடைசி ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல வாயைத் தொற" என்றேன்.

"பிரேமா, படம்..."

"றெக்கை அறுநூறு வருஷமா அங்கதான் இருக்கு. தொறயா!"

பன்னைப் பிய்த்து ஊட்டினேன். வாசலில் நின்றுகொண்டு, ஊர் பார்க்க. ஒரு வாய், ரெண்டு வாய், மூன்று வாய். கதவைப் பாதி சாத்திக்கொண்டிருந்த பெரியவருக்கு வாசனை போயிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினார். "லாம்ப்ரெதோத்தோ?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கதவில் கையை வைத்து அப்படியே நின்றுகொண்டு அவர் பாஷையில் சொன்னதை, வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பெண் இங்கிலீஷில் எனக்குச் சொன்னாள்: "மெதுவா மென்னு சாப்பிடட்டும். அதை அவசரமாகத் தின்னக்கூடாது."

நடுக்கம் நின்றது. மீதிப் பன்னைப் பெரியவரின் மேஜையில் அடைக்கலம் வைத்துவிட்டு உள்ளே போனோம். ஒரு தோட்டம், ஒரு தாழ்வாரம், அப்புறம் ஒரு படிக்கட்டு. படி பாதியில் திரும்புகிறது. திரும்பினேன்.

எதிரே, படி முடிகிற இடத்தில், என் டிசம்பர் மாதம்.

காலண்டர் என்னிடம் எல்லாவற்றையும் பொய் சொல்லியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அவ்வளவு இளசு என்று சொல்லவே இல்லை. இறக்கை பட்டை பட்டையாக இருந்தது. மஞ்சள், ரோஸ், பச்சை, நீலம், கோலப்பொடி விற்கிறவளின் கூடை மாதிரி. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு படி ஏறினேன். இறக்கையில் ஏதோ மின்னியது. நின்றேன், அணைந்துவிட்டது. இன்னொரு படி ஏறினேன், மறுபடி.

"ஏங்க, தலையை இப்படி அப்படி ஆட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"ஆட்டுங்களேன்!"

ஆட்டினார். "ஏய்... மினுங்குதுமே!" என்றார். அம்பத்தூர்க்காரர்கள் ரெண்டு பேர் படிக்கட்டில் நின்றுகொண்டு, சாமி வந்தவர்கள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். மேலே உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண் எழுந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளும் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். "நிறைய பேர் கவனிக்க மாட்டார்கள்" என்றாள். "சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே மினுங்குகிற கல் தூளைக் கலந்திருக்கிறார். விளக்கைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தால் இறக்கை அசைகிற மாதிரி இருக்கும்."

அவர் போனில் போட்டோ எடுத்தேன். எத்தனை எடுத்தாலும் மினுக்கு விழவில்லை. அதனால்தான் எந்தப் போட்டோவிலும் நான் பார்த்ததில்லை. மணி அடித்து எங்களை வெளியே அனுப்பும் வரைக்கும் அந்தப் படியை விட்டு நான் அசையவில்லை. மியூசியத்தில் மீதி என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெளியே படியில் உட்கார்ந்து அவர் மீதிப் பன்னைத் தின்றார். "உன் கைப்பக்குவம் வராது" என்றார். பொய். ஆனால் கேட்க நன்றாக இருந்தது. எலுமிச்சை சாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, திறந்த டப்பாவை மடியில் வைத்துச் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா, ஒரு மாதிரி கீற? அதான் பார்த்துட்டியே?"

"ஜிகினாங்க" என்றேன். "அந்தத் துறவி ஜிகினா போட்டிருக்கார்."

அவருக்கு யாழினி கதை தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அவரிடம்தானே புலம்பினேன். போனை என்னிடம் நீட்டினார். வகுப்பு குரூப்பில் அவர் நம்பரையும் சேர்த்து வைத்திருக்கிறேன், யாழினி அம்மாவின் நம்பர் அதில் இருந்தது. நம் ஊரில் அப்போது சாயங்காலம். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசி அனுப்பினேன்: "யாழினி, டிராயிங் மிஸ் பேசுறேன். அந்தத் தேவதூதன் றெக்கையை நேர்ல பார்த்துட்டேன். அதுல ஜிகினா இருக்கும்மா. நீ போட்டதுதான் சரி."

பதில் வர ரொம்ப நேரம் ஆகவில்லை. பின்னால் டிவி சத்தம், குக்கர் விசில், நடுவில் அந்தக் குட்டிக் குரல்.

"எனக்கு அப்பவே தெரியும் மிஸ். பறக்குற றெக்கைன்னா மினுங்கும்ல?"